இடக்கையில் வைத்த புகையிலை

இல்லாத சாமான்களைக் காட்டுவதற்கென்றே ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிவார்கள் என்பதை நான் ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். எண்பத்தேழாம் ஆண்டு, செப்டெம்பர் கடைசி. வெக்ஸ்போர்ட்டில், புதிதாக வந்த எங்களுக்கு இங்கிலீசு படிப்பித்த வாத்தியார் றொபேட், ஒருநாள் வகுப்பு முழுவதையும் சப்வே ரயிலில் ஏற்றி நகரத்து நடுவிலிருந்த பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அந்த மண்ணின் பழைய சனங்கள் அந்த வளவுக்குள் எங்கெங்கே இருந்தார்கள் என்று, அவர்களுடைய ஆள் ஒருத்தியே நடந்து நடந்து காட்டுவாளாம்.

அன்றைக்கு ஊர் சுற்றுகிற மனநிலையில் நான் இல்லை. முதல்நாள் பின்னேரம்தான் என் தங்கச்சி யோகராணியோடு வாய்த்தர்க்கம் வந்து, ஆக்கிய சோற்றை ஒருவரும் தொடாமல் எழும்பியிருந்தோம். எல்லாம் என் மனுசனைப் பற்றித்தான்.

என் மனுசன் சாமித்தம்பி மட்டக்களப்பு வாவியில் பாதை ஓட்டியவர். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் சனத்தையும் சைக்கிளையும் மாட்டையும் அக்கரை சேர்க்கிற பெரிய மிதவை. எண்பத்தைந்தில் ஒரு விடியக்காலை ஆமி வந்து ஊரில் அகப்பட்ட ஆம்பிளைகளையெல்லாம் ட்ரக்கில் ஏற்றியது. வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற மனுசனை அப்படியே கொண்டுபோனார்கள். படலையில் நின்று திரும்பிப் பார்த்து, "கதவுக்குக் கொண்டி போடாத புள்ள. விசாரிச்சுப் போட்டு விட்டிருவானுகள், இப்ப வந்திருவன்" என்றார். நான் ஓம் என்றேன். அவர் பிறகு வரவில்லை.

மறு வருசம் யோகராணியும் அவள் புருசன் நவரட்ணமும் என்னை இங்கே எடுப்பித்தார்கள். ஒன்பதாம் மாடியில் வீடு. கதவின் உள்பக்கத்தில் ஒரு சங்கிலி. நவரட்ணம் படுக்கப் போகுமுன் அதைக் கொளுவுவார். நான் போய்க் கழற்றுவேன்.

"அக்கா, உது ரொறன்ரோ. கள்ளன் பூந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்பார்.

"கள்ளனுக்கு உங்கட வீட்டில என்ன கிடக்கு? அந்த ஓட்டை ரீவியத் தூக்கிக்கொண்டு போகட்டும், நாங்களும் தப்பினம்" என்பேன்.

நவரட்ணம் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை. கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், வாய் திறவாது. ஒன்றரை வருசமாக இதே கூத்து. என் மனுசனுக்கு இந்த விலாசம் தெரியாது, லிஃப்ற்றில் ஏறி ஒன்பதை அமத்தத் தெரியாது என்று எனக்கும் தெரியும். நான் பைத்தியம் பிடித்த விசரிதான், ஆனால் அவ்வளவு விசரி இல்லை. கொண்டி போடாதே என்றார், ஓம் என்றேன். ஓமென்று சொன்ன சொல்லை எந்த நாட்டில் வைத்து மாற்றுவது?

எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் என்று ஒன்று எழுதி, பிடித்து மறியலில் அடைத்திருந்த பொடியன்களை விடத் தொடங்கினார்கள். எங்கள் ஊரிலும் இரண்டு மூன்று வீட்டுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு சேதியும் இல்லை. அதே ட்ரக்கில் போய், சில நாளில் விடுபட்டு, இப்போது ஒஷாவாவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனை நவரட்ணம் தேடிப்பிடித்துக் கேட்டார். "சாமித்தம்பி அண்ணனை எங்களிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போனவங்கள், அதுக்குப் பிறகு காணல்ல" என்றானாம்.

"காணல்ல எண்டுதானே சொன்னவன். செத்த எண்டு சொன்னவனா?" என்று நான் கேட்டேன்.

யோகராணி அழுதுகொண்டே சொன்னாள். "அக்கா, ஐயரோட கதைச்சிட்டன். உடம்பு இல்லாட்டியும் பரவாயில்லையாம். தர்ப்பையில உருவம் செஞ்சு வச்சுக் கிரியை செய்யலாமாம். சனிக்கிழமை நல்ல நாள். அத்தான் அங்கயும் இல்லாம இஞ்சயும் இல்லாம அலையப்படாது கா. நாளைக்கு ஒரு பதில் சொல்லு."

"என்ர நெத்தியில இருக்கிற பொட்டு உன்ர கண்ணைக் குத்துதோ?" என்றேன். அது சொல்லத்தகாத சொல். சொல்லிவிட்டேன். அவள் எழும்பிப்போனாள். அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை வயிற்றில் சுமந்துகொண்டுதான் நான் சப்வேயில் ஏறினேன்.

காட்டுகிறவளின் பெயர் மக்டலீன். ஒஜிப்வே என்கிற பழைய சனத்து ஆள். ஐம்பது வயது மதிக்கலாம். நரைத்த பின்னல் இரண்டு, ஆம்பிளை ஜாக்கெற், காலில் றப்பர் பூட்ஸ். வடக்கே, அரசாங்கம் அவர்களுக்கென்று ஒதுக்கின ஒரு றிசேவில் பிறந்து, ஆஸ்பத்திரி லோன்ட்றியில் வருசக்கணக்காக வெள்ளைச் சீலை தோய்த்து, இப்போதுதான் படிக்க வந்தவளாம். அந்த இளசுகளுக்கு நடுவே இவள் கொப்பியும் கையுமாய் இருப்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பிடித்தும்போனது.

ஒரு பெரிய கல்லுக் கட்டடத்துக்கு முன்னால் நின்று, இந்த மேட்டில் எங்கள் ஆட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள் என்றாள். கார் நிறுத்துகிற இடத்தில் நின்று, இங்கே கூடிப் பேசுவார்கள் என்றாள். கார் ஓடுகிற ரோட்டைக் காட்டி, இதுவும் எங்கள் நடைபாதை, நாங்கள் நடந்து நடந்து விழுந்த தடத்தில்தான் தார் போட்டிருக்கிறார்கள் என்றாள். எங்களோடு படித்த புனிதவதி ரீச்சர் எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மனுசி. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார்.

நான் பார்த்தேன். கல்லு, காரு, தாரு. குளிருக்குக் கால் விறைத்ததுதான் மிச்சம்.

"என்ன ரீச்சர் இது, ஒண்டையும் காணல்லியே. வெறும் இடத்தைப் பாக்கிறத்துக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"சும்மா இரும் தெய்வநாயகி. மனிசி குறை நினைக்கப்போகுது."

மக்டலீனுக்கு என் முகமே போதுமாயிருந்தது போல. எங்கள் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "நான் காட்டுற இடத்தில ஒண்டும் இருக்காது. இருந்தால் நான் ஏன் காட்டவேணும்? உங்களுக்கே தெரியுமே."

வீட்டில் சங்கிலியைக் கழற்றி நான் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதானே.

பிறகு மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் வளைந்து போகிற ஒரு நடைபாதைக்கு வந்தோம். இலைகள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. இந்தப் பள்ளம் ஒரு ஓடை என்றாள் மக்டலீன். அவளுடைய சனம் மீன் பிடித்த ஓடை. பிறகு வந்தவர்கள் ஊத்தையெல்லாம் அதில் விட்டு, நாறுகிறது என்று சொல்லி, நூறு வருசத்துக்கு முன்னம் குழாய்க்குள் அடைத்து மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் ஓடை சாகவில்லை. இன்றைக்கும் எங்கள் காலுக்குக் கீழே ஓடுகிறது. பெருமழை பெய்தால் கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில் தண்ணீர் ஏறிவிடுகிறதாம்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம். கேட்டாயா யோகராணி, மூடிவிட்டால் செத்ததென்று கணக்கா? என்று மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்தேன். என் மனுசன் இதைக் கேட்டிருந்தால் குப்புறப் படுத்து நிலத்தில் காது வைத்திருப்பார். தண்ணீர் என்றால் அவருக்கு அப்படி.

மக்டலீன் ஒரு தோல் பையை எடுத்தாள். அதற்குள் காய்ந்த புகையிலைத் தூள். எல்லோருக்கும் ஒவ்வொரு சிட்டிகை கொடுத்து, தண்ணீருக்கு நன்றி சொல்லி அந்த மரத்தடியில் வையுங்கள் என்றாள். நான் வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குக் கிள்ளிப் போடுகிற புகையிலையின் மணம் இல்லை, ஆனாலும் அதற்கு அண்டினது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

மக்டலீன் என் கையைத் தொட்டு, அப்படியில்லை என்று தலையை ஆட்டினாள். வலக்கையிலிருந்த புகையிலையை எடுத்து என் இடக்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோருடைய புகையிலையும் இடக்கையில். றொபேட் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நிற்கிறார். ஒருவர் பின் ஒருவராகப் போய்க் குனிந்து இடக்கையால் போடுகிறார்கள்.

சாமிக்கும் மனுசருக்கும் வலக்கையால் கொடுக்கிறவர்கள் நாங்கள். செத்த வீட்டில்தான் எங்களுக்கு எல்லாம் மாறி நடக்கும். இடமாகச் சுற்றுவோம், கடைசி அரிசியை எங்கள் குடும்பத்தில் இடக்கையால்தான் வாயில் போடுவோம். என் அப்பாவுக்கு நான் போட்டிருக்கிறேன். இந்த வரிசையும் இந்தக் குனிவும் எனக்குத் தெரியும். சட்டென்று எல்லாம் விளங்கியது. நான் ஓமென்று சொல்லமாட்டேன் என்று தெரிந்து, யோகராணி இந்த ரீச்சருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லி, ரீச்சர் றொபேட்டுக்குச் சொல்லி, என்னை ஏமாற்றிக் கூட்டிவந்து என் கையாலேயே என் மனுசனுக்குக் கடமை முடிக்கப் பார்க்கிறார்கள்!

"என்ர மனுசன் சாகல்ல!" என்று மக்டலீனைப் பார்த்துக் கத்தினேன். "ஆரு கா உனக்குச் சொன்ன? செத்த வீட்டுக்கா என்னைக் கூட்டிவந்தீங்க?" கையிலிருந்ததை வீசி எறிந்தேன். புகையிலை நடைபாதையெல்லாம் சிதறியது.

றொபேட் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைப் போட்டார், திரும்பக் கழற்றினார். ரீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "விசரே உமக்கு? என்ன சொல்லுறீர்?" மக்டலீன் றப்பர் பூட்ஸ் மடங்க முழந்தாளிட்டு, சிதறின புகையிலையை ஒவ்வொரு தும்பாகப் பொறுக்கினாள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய சாமான் என்று அவள் பொறுக்கிய விதத்தில் தெரிந்தது.

ரீச்சர் என்னிடம் விசயத்தைக் கேட்டு அவளுக்குச் சொன்னார். மக்டலீன் எழும்பி வந்து, தன் இடக்கையை என் நெஞ்சில் இடப்பக்கமாக வைத்தாள்.

"இதுக்குக் கிட்ட இருக்கிற கை எண்டதாலதான். வேறை ஒண்டுமில்லை. உன்ர புருசனை நான் சாகக் குடுக்க வரேல்லை."

நான் கூனிக் குறுகிப்போனேன். மன்னிப்புக் கேட்க இங்கிலீசும் வரவில்லை, தமிழும் வரவில்லை. றொபேட் மற்றவர்களைக் கோப்பி குடிக்கக் கூட்டிப்போனார். நானும் ரீச்சரும் மக்டலீனும் ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம்.

"எதில கொண்டு போனவங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"ட்ரக்" என்றேன். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய தம்பியையும் ட்ரக்கில்தான் கொண்டுபோனார்களாம். பள்ளிக்கூடத்துக்கு என்று. அப்போது அவனுக்கு ஆறு வயது. பழைய சனங்களின் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து வைத்துப் படிப்பிக்கிற இடம். கோடை விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், அவன் வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று ஒருதரம் சொன்னார்கள். காய்ச்சல் என்று ஒருதரம் சொன்னார்கள். புதைத்த இடம் என்று ஒன்றையும் காட்டவில்லை.

"எங்கட அம்மா ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மேசையில அவன்ரை தட்டை வைப்பா" என்றாள் மக்டலீன். "வெறுந்தட்டு. வந்தவுடனை சூடாப் போட்டுக் குடுக்கிறன் எண்டு சொல்லுவா. முப்பது வருசத்துக்கு மேலை வைச்சவ. ஒருத்தரும் அதை எடுக்கேலாது. எங்கட வழக்கத்தில செத்தாக்களுக்கும் சாப்பாடு வைப்பம். அவைக்கும் பசிக்கும். ஆனா அவனுக்கு வைக்க அம்மா விடேல்லை. வைச்சால் செத்துப்போனான் எண்டு ஆகிடுமெல்லே. இஞ்சை வெறுந்தட்டு, அங்கையும் ஒண்டுமில்லை. அவ்வளவு காலமும் என்ரை தம்பி பட்டினி."

தமிழில் சொல்லிக்கொண்டு வந்த ரீச்சர், வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு வசனத்தை முடிக்காமல் விட்டார். மக்டலீன் பொறுத்திருந்தாள்.

"அம்மா போன பிறகு நான்தான் அவனுக்குச் சாப்பாடு வைச்சனான். அது சரியோ பிழையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. சில நாளைக்கு விசர் வந்து, அந்தத் தட்டைத் திருப்பி எடுத்து மேசையில வைப்பன்."

அவள் எனக்குப் புத்தி சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. மூக்கைச் சீறி ஜாக்கெற் கையில் துடைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

என் மனுசன் பசி தாங்கமாட்டார். பாதையை விட்டு இறங்கினால், படலைக்கு வருமுன்னமே "புள்ள, சோத்தைப் போடு" என்று சத்தம் கேட்கும். பிந்தினால் பெரிய ஆம்பிளை என்றும் பாராமல் சட்டியைத் திறந்து கையால் அள்ளித் தின்பார். நான் ஏசுவேன். அந்த மனுசனுக்கு இரண்டு வருசமாக நான் கதவை மட்டும்தான் திறந்து வைத்திருந்தேன். ஒரு பிடி சோறு வைக்கவில்லை. எங்கேயோ ஒரு மறியலில் உயிரோடு இருந்தால் எவனாவது ஒரு கோப்பை கஞ்சி கொடுத்திருப்பான். இல்லையென்றால்? இல்லையென்றால் அவருக்கு யார் கொடுத்தது? யோகராணி அலைச்சல் என்றபோது எனக்கு உறைக்கவில்லை. பசி என்றபோது உறைத்தது.

"இன்னும் கொஞ்சம் தா" என்று மக்டலீனிடம் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவள் பையைத் திறந்தாள். எந்தக் கையென்றாலும் சரி என்பது போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

நான் இடக்கையை நீட்டினேன். அவளுக்கு அது நெஞ்சுக்குக் கிட்டின கை. எனக்கு அது எந்தக் கையென்று தெரிந்துதான் நீட்டினேன்.

மரத்தடியில் குந்தியிருந்து வைத்தேன். அவர் செய்திருப்பது போல நிலத்தில் காது வைத்துப் பார்த்தேன். ஓடையின் சத்தம் கேட்கவில்லை. தூரத்தில் கார்கள் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அழவில்லை என்று சொல்லத்தான் ஆசை. குழறினேன். செத்த வீட்டில் எங்கள் பெண்கள் எப்படிக் குழறுவார்களோ அப்படி, தலையில் அடித்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக விலகி விலகிப் போக, வாய்விட்டுக் குழறினேன். மக்டலீன் என் முதுகைத் தடவவில்லை. பக்கத்தில் வந்து குந்தியிருந்தாள். அது போதுமாயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி லோறன்ஸ் பஸ்ஸில் வரும்போது ரீச்சர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடத்தில், "பாத்துப் போம்" என்றார்.

யோகராணி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இப்போது செய்யாவிட்டால் பிறகு செய்யமாட்டேன் என்று தெரியும். சங்கிலியைக் கொளுவினேன். ஒன்றரை வருசமாகக் கழற்றிப் பழகின கை, கொளுவத் தடுமாறியது.

அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. யோகராணி குசினி வாசலில் நின்று சங்கிலியைப் பார்த்தாள்.

"சனிக்கிழமைக்கு ஐயரை வரச் சொல்லு" என்றேன். "ஆனா ஒண்டு. அவருக்குப் படைக்கிற சோறு நான்தான் ஆக்குவன். நீ அதில கை வைக்காத. உனக்கு உப்புப் போடத் தெரியாது."

"ஓம் கா அக்கா" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நேற்றுச் சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன், அது அவள் காதில் விழுந்ததோ தெரியாது. நவரட்ணம் இன்னும் வேலையால் வரவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை.

வெளியே இருட்டுப்படத் தொடங்கிய நேரம். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறபட்டு, எதிலோ இடித்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம். பிறகு ஒரு ஆம்பிளைக் குரல்.

"ஆர் உள்ளுக்கு? கதவு திறபடுதில்லை."

என் உடம்புக்கு மூளை இருந்தால்தானே. அரிசிச் சட்டியைப் போட்டது போட்டபடி ஓடினேன். "வாறன், வாறன், இந்தா வந்திட்டன், நில்லுங்க!" என்று, என் மனுசனிடம் சொல்கிற அதே மாதிரிச் சொல்லிக்கொண்டு ஓடினேன். கை ஈரத்தைச் சீலையில் துடைத்தேன். தலைமயிரை ஒதுக்கினேன்.

கதவின் இடைவெளியில் நவரட்ணத்தின் பாதி முகம். தோளில் சாப்பாட்டுப் பை. அவர் சங்கிலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனை நாள் மூக்கு விடைத்து இதற்காகச் சண்டை பிடித்த மனுசன், ஒரு சொல்லும் சொல்லாமல் நெற்றியைக் கதவு விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

சங்கிலி இறுகி நின்றது. நான் எவ்வளவு இழுத்தும் கழலவில்லை.

"அக்கா, சாத்தினால்தான் கழலும்" என்றார் நவரட்ணம். சொன்னாரே தவிர, கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"கையை எடுங்க தம்பி" என்றேன்.

அவர் எடுத்தார். நான் கதவைச் சாத்தினேன்.